பி.எட். பாடநூலின் முதல் பக்கம் குறித்து ஒரு திறந்த மடல்

கல்வியியல் பாடநூல் எழுதும் பேராசிரியர்களுக்கும் அதற்கு வினாத்தாள் அமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் நூல்களின் முதல் அலகில், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே, ஒரு பத்தி இருக்கிறது. எழுதியவர் மாறினாலும் பதிப்பகம் மாறினாலும் அந்தப் பத்தி மட்டும் மாறுவதில்லை. எஜுகேஷன் என்ற ஆங்கிலச் சொல் மூன்று லத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததாம். எஜுகேட்டம் என்றால் கற்பித்தல், எஜுகேர் என்றால் வளர்த்தல், எஜுசியர் என்றால் வெளிக்கொணர்தல். அதற்கடுத்து ஓர் ‘ஆகவே’ வரும். ஆகவே, கல்வி என்பது குழந்தைக்குள் ஏற்கெனவே உறைந்து கிடக்கும் ஆற்றலை வெளிக்கொணர்வதே ஆகும். எனக்குச் சண்டை அந்த ‘ஆகவே’யோடுதான்.

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறவன். டீச்சிங் பிராக்டிஸுக்கு வரும் பி.எட். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன். அந்த நோட்டுகளைப் பார்த்தால் தெரியும், உங்கள் பத்தி எவ்வளவு பயபக்தியோடு படிக்கப்படுகிறது என்று. சென்ற ஆண்டு வந்த ஒரு பெண் முதல் பக்கத்தில் ஒரு மரமே வரைந்திருந்தார். அடிமரத்தில் எஜுகேஷன். தரைக்குக் கீழே மூன்று வேர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லத்தீன் சொல். எஜுசியர் என்ற வேருக்கு மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு முறை கோடு போட்டு, பக்கத்தில் நட்சத்திரக் குறி. “ஏம்மா இதுக்கு மட்டும் ஸ்டார்?” என்று கேட்டேன். “அதுதான் சார் ரொம்ப முக்கியம், ஃபைவ் மார்க்ல கட்டாயம் வரும்” என்றார்.

ஆண்டு விழா மேடைகளுக்கும் சரக்கு அங்கிருந்துதான் போகிறது. சிறப்பு விருந்தினர் பொன்னாடையை எடுத்து நாற்காலிக் கையில் போட்டுவிட்டு, மைக்கைச் சரிசெய்துகொண்டு, “எஜுகேஷன் என்ற சொல் எதிலிருந்து வந்தது தெரியுமா, குழந்தைகளே?” என்று ஆரம்பிப்பார். மேடைக்குப் பின்னால் கரகாட்டத்துக்குச் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆட முடியும்.

எனக்கு லத்தீன் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இளவயதில் சில ஆண்டுகள் கத்தோலிக்கக் குருமடத்தில் இருந்தேன். சாமியாராகாமல் வெளியே வந்துவிட்டேன், லத்தீன் இலக்கணம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அவ்வளவுதான். நான் சொல்லப்போவதில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. நல்ல லத்தீன் அகராதி ஒன்றைப் பிரித்தால் யாருக்கும் கிடைக்கும்.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். மூன்று வேர்கள் கிடையாது. எஜுகேட்டம் என்று நீங்கள் எழுதுவது எஜுகேர் என்ற வினையின் ஒரு வடிவம், அதன் எச்ச வடிவங்களில் ஒன்று. தனிச்சொல்லே இல்லை. ‘படிப்பு’ என்ற சொல் ‘படி’, ‘படித்த’ என்ற இரு வேர்களிலிருந்து வந்தது என்று ஒரு மாணவர் எழுதினால் தமிழாசிரியர் என்ன செய்வார்? அதையே நாம் லத்தீனில் செய்து, அந்த எச்சத்துக்குக் ‘கற்பித்தல்’ என்று தனியாக ஒரு பொருளும் கற்பித்து வைத்திருக்கிறோம்.

மிச்சம் இரண்டு. இங்கே ரோமன் எழுத்து நம்மை ஏமாற்றுகிறது, தமிழ் எழுத்து காப்பாற்றுகிறது. ரோமானியர் உச்சரித்தபடி தமிழில் எழுதினால் உங்கள் எஜுகேர் ஏடுகாரே, எஜுசியர் ஏடூகெரே. முன்னதில் ‘டு’ குறில், பின்னதில் ‘டூ’ நெடில். அச்சில் ரோமன் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ‘நான் வளர்க்கிறேன்’, ‘நான் வெளியே நடத்திச் செல்கிறேன்’ இரண்டும் லத்தீன் ஏட்டில் ஒரே எழுத்துக்கூட்டலில்தான் நிற்கும். சுடு, சூடு என்று காதாலேயே பிரித்தறியும் நமக்கு இது ஒரு நொடி வேலை. ஆங்கில நூல்களைப் பார்த்து நகலெடுத்ததில் அந்த நொடி தவறிப்போய்விட்டது.

ஆங்கிலம் எதைக் கடன் வாங்கியது என்பதற்கு லத்தீன்கூடத் தேவையில்லை, எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். ஏடூகெரேயின் உள்ளே இருப்பது டூகெரே, ‘நடத்திச் செல்’. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். ரெட்யூஸ், அதன் பெயர்ச்சொல் ரிடக்‌ஷன். ப்ரொட்யூஸ், ப்ரொடக்‌ஷன். இன்ட்ரொட்யூஸ், இன்ட்ரொடக்‌ஷன். டெட்யூஸ், டிடக்‌ஷன். (செட்யூஸும் உண்டு, அதை வகுப்பில் சொல்ல வேண்டாம்.) இந்தக் கணக்கில் ஏடூகெரேயிலிருந்து வரவேண்டியது எட்யூஸ் என்ற வினையும் எடக்‌ஷன் என்ற பெயரும். அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன! எட்யூஸ் அதிகம் புழங்காத சொல். மறைந்திருப்பதை வெளியே எடு, ஊகித்து அறி என்று பொருள். எடக்‌ஷன் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினில் இருந்தது. வேலை முடிந்த நீராவியை சிலிண்டரிலிருந்து வெளியேற்றும் குழாய்க்கு எடக்‌ஷன் பைப் என்று பெயர். வெளிக்கொணர்தல் என்ற பொருளை அந்தக் குழாய் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

எஜுகேட் அந்த வரிசையிலேயே நிற்காது. கிரெயாரேயிலிருந்து கிரியேட், நாவிகாரேயிலிருந்து நேவிகேட் வந்தது போல ஏடுகாரேயிலிருந்து வந்தது எஜுகேட். இந்த இனத்து வினைகளின் எச்ச வடிவத்தைப் பிடித்து ‘ஏட்’ என்று முடித்துக்கொள்வது ஆங்கிலத்தின் வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. வந்தபோது அதற்குப் பொருள், பிள்ளையை வளர்த்து ஆளாக்கு.

இரண்டு வினைகளும் சொந்த ஊரில் என்ன வேலை பார்த்தன என்று பாருங்கள். சீசரின் போர்க்குறிப்புகளில் ஏடூகெரே பாசறையிலிருந்து படையை வெளியே நடத்தும், உறையிலிருந்து வாளை உருவும். லத்தீன் விவிலியத்தில் பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தில் ஆண்டவர் சொல்லும் வரியிலும் இதே வினைதான்: எகிப்து நாட்டிலிருந்து, அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நானே. மோசேயின் மக்கள் எகிப்துக்குள் இருந்தார்கள், வெளியே வந்தார்கள். ஒருவருடைய திறமை அவருக்குள் இருந்து வெளியே வருவது பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஏடுகாரே வேறு தினுசு. அது வீட்டு வேலை, தோட்ட வேலை பார்த்த சொல். குழந்தைக்கும் சொல்வார்கள், கன்றுக்கும் செடிக்கும் சொல்வார்கள். கத்துல்லுஸ் என்ற கவிஞர், கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர், ஒரு திருமணப் பாட்டில் வேலியிட்ட தோட்டத்துப் பூவைப் பற்றிப் பாடுகிறார். காற்று அதை வருடுகிறது, வெயில் அதற்கு உறுதி தருகிறது, மழை அதை வளர்க்கிறது. அந்த ‘வளர்க்கிறது’ என்ற இடத்தில் இருப்பது ஏடுகாத். மழை பூவை எஜுகேட் செய்கிறது! பூவுக்குள் இருந்து எதையும் உருவி எடுக்கவில்லை, மேலேயிருந்து தண்ணீர் கொடுக்கிறது.

ரோமானிய அறிஞர் வார்ரோவின் ஒரு வரி இருக்கிறது. கி.மு. 116இல் பிறந்தவர், லத்தீன் மொழி பற்றியே நூல் எழுதியவர். பின்னால் வந்த நோனியுஸ் என்ற இலக்கணக்காரர் அந்த வரியை மேற்கோளாகப் போட்டதால் நமக்குக் கிடைத்தது. அதன் சாரம் இது: மருத்துவச்சி வெளியே எடுக்கிறாள், செவிலி வளர்க்கிறாள், பெடகோகுஸ் நெறிப்படுத்துகிறான், ஆசிரியன் கற்பிக்கிறான். நான்கு பேர், நான்கு வேலை, நான்கு வினை. முதல் வினை ஏடூகித், உங்கள் எஜுசியர். அது பேறுகாலம் பார்க்கும் பெண்ணின் வேலை. இரண்டாவது ஏடுகாத், பாலூட்டி வளர்க்கும் செவிலியின் வேலை. ஆசிரியருக்கு இரண்டும் இல்லை. அவருக்கு தோகெத் என்று தனி வினை, அதிலிருந்துதான் டாக்டர் என்ற சொல் வந்தது. (பெடகோகுஸ் என்பவன் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் அடிமை. நம் பெடகாஜி பேப்பருக்கு அவன் பெயர்.)

இந்த வரியை முதலில் படித்தபோது எனக்குப் பொன்முடியார்தான் நினைவுக்கு வந்தார். புறநானூறு 312: “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே.” பிறகு வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லன், அப்புறம் வேந்தன், கடைசியில் களத்துக்குப் போகும் காளை. ஒரு மனிதனை ஆளாக்கும் வேலையை இப்படி ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் ரோமிலும் இருந்திருக்கிறது, இங்கும் இருந்திருக்கிறது. வார்ரோ மருத்துவச்சிக்கும் செவிலிக்கும் பிரித்துக் கொடுத்த இரண்டையும் நம் மறக்குடித் தாய் ‘ஈன்று புறந்தருதல்’ என்று ஒரே மூச்சில் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறாள். புறந்தருதல் என்றால் பேணி வளர்த்தல். ஏடுகாரேக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏடுகாரேயும் ஏடூகெரேயும் அந்நியமான சொற்கள் இல்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘நடத்து’ என்ற ஒரே வேர். வார்ரோ போட்ட கோட்டை எல்லா ரோமானியரும் மதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கி.மு. 160இல் அரங்கேறிய, ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் நாடகம் ஒன்றில், அண்ணன் தம்பி இருவர் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். தம்பியின் மகனை... இல்லை, உடன்பிறந்தவனின் மகனை என்று நிறுத்திக்கொள்கிறேன், உறவுமுறை நீளும். அவனைத் தத்தெடுத்தவர், “சின்ன வயசிலிருந்து நான் வளர்த்தேன்” என்கிற இடத்தில் ஏடூகெரேயைத்தான் போடுகிறார். ஆனால் அங்கேயும் பொருள் வளர்த்தல்தான் என்பதைக் கவனியுங்கள். ‘ஆகவே, உள்ளே உறைந்திருப்பதை வெளிக்கொணர்தல்’ என்ற இடத்துக்கு எந்தப் பாதையில் நடந்தாலும் போய்ச்சேர வழியில்லை.

ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இந்த வளர்ப்புப் பொருள்தான் ஓடியது. ஒதெல்லோவில் டெஸ்டிமோனா சபை நடுவே தன் தகப்பனாரைப் பார்த்து, என் உயிருக்கும் எஜுகேஷனுக்கும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்கிறாள். அவள் எந்தப் பள்ளிக்கும் போனவளாக ஷேக்ஸ்பியர் காட்டவில்லை. பெற்றதும் வளர்த்ததும் நீங்கள் என்கிறாள். இன்னொரு நாடகத்தில் ஸ்லை என்ற குடிகாரன், பிறப்பால் தெருவில் கூவி விற்பவன், எஜுகேஷனால் கம்பளி சிக்கெடுக்கும் சீப்பு செய்பவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். பிரெஞ்சுக்காரர்கள் பட்டுப்புழு வளர்ப்பைக்கூட பட்டுப்புழுக்களின் எடுகாசியோன் என்றே எழுதினார்கள். பட்டுப்புழுவுக்குள் உறைந்திருக்கும் ஆற்றல் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: அங்கே வேலை முசுக்கொட்டை இலையை வேளாவேளைக்குப் போடுவது.

லத்தீனின் பேத்திகளைக் கேட்டாலும் இதே பதில். இத்தாலியில் ஒருவனை மாலெடுகாத்தோ என்று திட்டினால் அவன் படிக்காதவன் என்று பொருள் இல்லை, வளர்ப்பு சரியில்லாதவன் என்று பொருள். பல்கலைக்கழகப் பேராசிரியரையும் அப்படித் திட்டலாம். பள்ளிப்படிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் இஸ்த்ருசியோனே. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் அரசியலே நடந்திருக்கிறது. முசோலினி 1929இல் பொது இஸ்த்ருசியோனே அமைச்சகத்தின் பெயரைத் தேசிய எடுகாசியோனே அமைச்சகம் என்று மாற்றினார். பாடம் சொல்லித் தருவதோடு நிற்காமல் பிள்ளைகளை ஃபாசிஸ்டுகளாக வளர்த்தெடுப்பதும் அரசின் வேலை என்பது கணக்கு. அவர் கவிழ்ந்த பிறகு, 1944இல், பழைய பெயர் திரும்பியது. பிரான்ஸும் 1932இல் இதே மாற்றத்தைச் செய்தது, ஆனால் குடியரசு ஆட்சியில். அந்தப் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. வளர்த்தல் என்ற பொருள் உயிரோடு இருந்ததால்தான் இந்தப் பெயர் மாற்றங்களுக்கு அர்த்தம் இருந்தது.

வெளிக்கொணர்தல் கதையும் நம் ஊரில் முளைத்ததில்லை. 1889 முதல் 1891 வரை அமெரிக்காவில் வெளிவந்த செஞ்சுரி அகராதி, எஜுகேஷனின் முதற்பொருள் மனத்தின் ஆற்றல்களை வெளியே இழுத்து விரிப்பது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று அச்சிலேயே எழுதிவிட்டது. மறுக்க வேண்டிய அளவுக்கு அப்போதே மேடைகளில் அது ஓடியிருக்கிறது. மறுப்பு வந்து நூற்றாண்டு கடந்துவிட்டது, பத்தி மட்டும் பதிப்புக்குப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

இனி நான் மறுக்காததைச் சொல்கிறேன். கல்வி உள்ளிருப்பதை வெளிக்கொணர்வது என்ற கருத்தை நான் மறுக்கவில்லை. அது பெரிய கருத்து, பெரியவர்கள் சொன்னது. விவேகானந்தர் 1894 மார்ச் 3ஆம் தேதி சிகாகோவிலிருந்து எழுதிய கடிதத்தில், மனிதனுக்குள் ஏற்கெனவே இருக்கும் நிறைவின் வெளிப்பாடே கல்வி என்றார். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? சென்னையைச் சேர்ந்த சிங்காரவேலு முதலியாருக்கு, ‘கிடி’ என்று அவர் செல்லமாகக் கூப்பிட்ட சீடருக்கு. காந்தி 1937 ஜூலை 31 ஹரிஜன் இதழில், குழந்தையிடமும் மனிதரிடமும் உடல், மனம், ஆன்மா மூன்றிலும் உள்ள சிறந்ததை முழுமையாக வெளிக்கொணர்வதே கல்வி என்றார். இருவரும் தங்கள் கருத்தாகச் சொன்னார்கள். லத்தீன் அகராதி அப்படிச் சொல்கிறது என்று அங்கே சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நாம்தான் அவர்களுடைய கருத்தை எடுத்து, அதற்கு அடியில் இல்லாத வேரை ஒட்டவைத்து, சொல்லின் பொருளே அதுதான் என்று தேர்வில் கேட்கிறோம். கருத்து என்றால் மாணவர் எதிர்த்துப் பேசலாம், அமெரிக்கக் கல்வியாளர் டூயி என்ன சொன்னார், அம்பேத்கர் என்ன சொன்னார் என்று ஒப்பிடலாம். சொற்பொருள் என்று சொல்லிவிட்டால் மனப்பாடம்தான். வெளிக்கொணர்தலைப் பற்றிய பாடத்தையே உள்ளே திணித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு இது வெறும் இலக்கணப் பிடிவாதமாகத் தோன்றலாம். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. “அவனுக்குள்ள சரக்கு இருந்தாத்தானே சார் வெளிய வரும்?” இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களும் சொல்வார்கள். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாமல், அப்பா அம்மா இருவரும் விடியுமுன் வேலைக்குப் போய்விட, தானே தலை வாரிக்கொண்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றித்தான் பெரும்பாலும் சொல்வார்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது மட்டும்தான் நம் வேலை என்று முதல் அலகிலேயே படித்தவருக்கு, வராதபோது ‘உள்ளே இல்லை’ என்று கையை உதறிவிடுவது மிகச் சுலபம். காந்தியும் விவேகானந்தரும் எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னதை, சிலருக்குள் இல்லை என்று சொல்வதற்கு நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஏடுகாரேயைப் படித்தவர் அப்படித் தப்பிக்க முடியாது. செவிலியும் மழையும் கொடுக்கிறவர்கள். கொடுக்கவில்லை என்றால் குறை கொடுக்காதவர் மேல். லத்தீன் தெரியாமலேயே இதைச் செய்த மாநிலம் இது. 1956இல் காமராஜர் ஆட்சியில் பள்ளியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. அந்தச் சொல்லின் ஆதிப்பொருளைப் பாடநூலில் விளக்க வேண்டுமென்றால் முட்டையும் தட்டுமாக வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படம் ஒன்று போட்டால் போதும்.

ஊறி வரும் அறிவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தொட்டனைத் தூறும் மணற்கேணி, குறள் 396. அதற்கு லத்தீன் பாஸ்போர்ட் தேவையில்லை, பொய் வேரும் தேவையில்லை. ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்: அங்கே தோண்டத் தோண்டத்தான் ஊறுகிறது, கற்கக் கற்கத்தான் அறிவு.

என் வேண்டுகோள் சின்னது. அடுத்த பதிப்பில் எஜுகேட்டம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். எஜுகேட் என்ற வினை ஏடுகாரேயிலிருந்து வந்தது, அதன் பொருள் பேணி வளர்த்தல், ஏடூகெரே அதற்கு உறவுச்சொல் என்று மூன்றே வரியில் எழுதுங்கள். வார்ரோவின் வரியைக் கீழே போடுங்கள். மாணவர்கள் ரசிப்பார்கள், நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். மரம் வரைந்த அந்தப் பெண் மறுநாளே அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ‘ஆகவே’ இல்லாமல், புதிய பத்தியில், புதிய தலைப்பில், விவேகானந்தர் கருத்து, காந்தியின் கருத்து என்று பெயர் போட்டு வையுங்கள்.

பதிப்பு மாற நாளாகும், தெரியும். பழைய நூலே இன்னும் பல ஆண்டுகள் கைமாறும். அதனால் வினாத்தாள் அமைப்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன், இதற்குப் பாடத்திட்டக் குழு கூடவேண்டியதில்லை, வாரியத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. எஜுகேஷன் என்ற சொல்லின் தோற்றத்தை விளக்குக என்ற வினாவுக்கான விடைக்குறிப்பில், மூன்று வேர்களையும் எழுதாமல் எஜுகேர் ஒன்றை மட்டும் எழுதிக் காரணமும் காட்டியவருக்கு முழு மதிப்பெண் தரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தப் பெண் இந்த முறை அப்படித்தான் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவர்